அரம் பட்ட இடம்

நகைக்கடைக்காரர் மெல்லிய கத்தியைச் செருகிக் கைக்கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்தார். வீட்டில் அப்பாவின் உடம்பு இன்னும் முழுசாகக் குளிர்ந்திருக்காது.

அண்ணன்தான் அனுப்பினான். வண்டி வருவதற்குள் தெரிந்தாக வேண்டுமாம். சொக்கத் தங்கம் என்றால் எடுத்து வைத்துக்கொள்ளலாம், முலாம் என்றால் அவரோடே போகட்டும். என்ன நியாயமோ! பெற்ற தகப்பன் கிடக்கும்போது இதற்கென்று எழுந்து வர அவளுக்குக் கூசியிருக்க வேண்டும். கூசவில்லை. காலையிலிருந்து அழுகையும் வரவில்லை. நெஞ்சு மரத்துக் கிடந்தது.

அந்தக் கடிகாரத்தின் மேல் அவளுக்கிருந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அப்பா வேலை பார்த்த அச்சகத்தின் முதலாளி எல்லோர் முன்னாலும் அவர் கையில் கட்டிவிட்டது அது. சொக்கத் தங்கமென்று வருவோர் போவோரிடமெல்லாம் நீட்டி நீட்டிக் காட்டுவார். அம்மா படுக்கையில் விழுந்து, ஆபரேஷனுக்கு வழியில்லாமல் தவித்தபோது, அதை விற்கச் சொல்லி அவர் காலில் விழாத குறை. அதைப் பற்றிப் பேசாதே என்று எழுந்து போய்விட்டார் மனுஷன். அம்மா போனாள். அன்றோடு அவள் அப்பாவிடம் பேச்சை விட்டாள். சோறு போட்டாள், மருந்து கொடுத்தாள், பேசவில்லை.

நகைக்கடைக்காரர் அரத்தை எடுத்தார். மூடியின் உள்விளிம்பைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டார்.

"இதை ஏற்கெனவே யாரோ சோதிச்சிருக்காங்கம்மா."

மறைவாக ஒரு சின்ன வெட்டு, அரம் பட்ட இடம், கறுத்திருந்தது. அதில் ஒரு சொட்டு திராவகம் விட்டார். பச்சையாக நுரைத்தது. மேலே தங்க முலாம், அடியில் பித்தளை என்றார். வெட்டுக்குப் பக்கத்தில் ஊசியால் கீறிய எண்கள் இருந்தன. அடுத்த ஆள் மறுபடி அராவிப் பாழாக்காமலிருக்க, சோதித்த மாதத்தையும் வருஷத்தையும் இப்படிக் கீறி வைப்பது வழக்கமாம். லென்ஸை அவளிடம் கொடுத்தார்.

அம்மா படுக்கையில் கிடந்த அதே மாதம்.

"சோதிச்சவங்க இதை அவர்கிட்ட சொல்லியிருப்பாங்களா?"

"சொல்லாம எப்படிம்மா? விக்க வந்தவர்கிட்ட சொல்லித்தானே ஆகணும்."

அப்படியென்றால் போயிருக்கிறார். போய்க் கேட்டு வந்து, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். கட்டியவளைச் சாகவிட்ட கருமி என்று மகள் நினைத்தாலும் நினைக்கட்டும், ஊரெல்லாம் காட்டிய பிறகு ஏமாந்தவன் என்று நிற்க மாட்டார். அப்படியொரு வீம்பு. பாவி மனுஷன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? தெருவில் அவள் கால்கள் தம் பாட்டுக்கு நடந்தன.

வாசலிலேயே அண்ணன் நின்றான்.

"என்னவாம்?"

"முலாம்."

அவன் உதட்டைப் பிதுக்கினான்.

"பாவம், கடைசி வரைக்கும் அவருக்கே தெரியல பாரு."

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் வாய்வரை வந்தது.

"ஆமா. தெரியல," என்றாள்.

உள்ளே போய் அப்பாவின் கையைத் தூக்கினாள். கனத்தது. கடிகாரத்தைக் கட்டினாள். சட்டைக் கையை அதன் மேல் இழுத்துவிட்டு, மணிக்கட்டில் பொத்தானைப் போட்டாள்.