வழமையான மூளை

ஒரு கோப்பைத் தேநீர் முடிவதற்குள் அபூதாஹிரின் இடது கண் நாற்பது தடவை மூடித் திறந்தது. உண்மையில் பதினேழு. குறைத்துச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். இறங்குதுறைத் தேநீர்க் கடையின் வாங்குப் பலகைதான் என் மேடை. ஒரு கப்பலையே தூக்கிக் கழுவி மறுபடி கடலில் வைத்த கதையை நான் தொடங்கினால், மூதூர்ப் படகைத் தவறவிட்டுக் கேட்பார்கள். அபூதாஹிரின் கன்னம் இழுக்கத் தொடங்கும்வரை.

அவன் மீன் வாங்குகிறவன். எங்கள் ஏலத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாமல் ஏலக்காரரைப் பார்த்து ஒரு கண்ணை மூடுவதுதான் வழக்கம். ஒரு விடியலில் அவனுடைய கண் அவனைக் கேட்காமலே இரண்டு சுறாவும் எட்டுக் கூடை சூடை மீனும் வாங்கிவிட்டது. அன்றோடு அவன் ஏலத்துக்குப் போவதை நிறுத்தினான். வாங்கிலிருந்தவர்கள் அந்தக் கதையையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். என் கப்பல் தரைதட்டிவிட்டது. நானும் வீட்டுக் கண்ணாடி முன் கன்னத்தை இழுத்துப் பழகினேன். பல்வலியாக்கும் என்று மனைவி இராசமலர் கராம்பு கொண்டு வந்தாள்.

பிறகு கொழும்பிலிருந்து வைத்தியர்கள் ஆராய்ச்சிக்கு வந்தார்கள். முகம் இழுப்பவர்களின் மூளையைப் படம் எடுத்து, அதே வயதில் இழுப்பு இல்லாதவர்களின் மூளையோடு ஒப்பிடுவார்களாம். முதல் ஆளாகக் கை தூக்கினேன். அபூதாஹிரையும் என்னையும் ஒரே வேனில் கொண்டுபோய் ஒரே குழாய்க்குள் தள்ளினார்கள். என் மூளையைத் தூக்க என் பாரந்தூக்கியே வேண்டியிருக்கும் என்று தாதியிடம் சொல்லிவைத்தேன்.

அடுத்த மாதம் வைத்தியர் அபூதாஹிரின் படத்தில் பென்சிலால் தொட்டுத் தொட்டு அரைமணி நேரம் விளக்கினார். இத்தனை வருட இழுப்பில் மூளையில் இந்த இடம் மெலிந்திருக்கிறது, அந்த இடம் தடித்திருக்கிறது. என் படத்துக்கு அரை நிமிடம்.

"ஒண்டுமில்லை ஐயா. வழமையான மூளை."

அன்று மாலை அவனுடைய படம் வாங்கில் கை மாறிக் கை மாறிப் போனது. குடாக்கடலின் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். என்னுடையதை நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை. எல்லாரும் எழுந்து போனபின் அபூதாஹிர் அதைக் கேட்டு வாங்கி, வெகுநேரம் உற்றுப் பார்த்தான்.

"இதில ஒண்டுமே இல்லையா?"

"இல்லையாம்," என்றேன்.

அவன் கன்னத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். "மச்சான், நாளைக்கு ஏலத்துக்கு வா. நான் உன்ட கையப் புடிக்கிறன். அமத்தினா மட்டும் கண்ண மூடு. உன்ட மூஞ்சிதான் சும்மா கெடக்கே."

விடியலில் துவாயால் பாதி முகத்தை மூடிக்கொண்டு அவன் என் பக்கத்தில் நின்றான். கூடைகள் வந்தன. ஏலக்காரர் என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்து முழுத் துறையும் என்னைப் பார்த்தது. துவாய்க்குள் அவன் கன்னம் துடிப்பது என் தோளில் தெரிந்தது. அவன் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின.

கீழே ஆட்கள் நிற்கும்போது சுமையை இறக்குவதுபோல, மெல்ல, மிக மெல்ல, இடது இமையை இறக்கத் தொடங்கினேன்.