தலைகீழாய்த் தொங்கிய மார்கழிக் கள்ளி

அம்மாவின் காரியம் முடிந்ததும் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அவள் வளர்த்த மார்கழிக் கள்ளி. நிலம் கேட்கவில்லை, புளியமரம் கேட்கவில்லை. முள்ளில்லாமல் பட்டை பட்டையாய்த் தொங்கும் செடி அது. பனிக்காலத்தில் நுனிக்கு நுனி ரோஜா நிறத்தில் பூக்கும்.

"கட்டிக்குடுத்த பொண்ணு பொறந்த வூட்டுச் செடிய எடுத்துட்டுப் போனா, லட்சுமியும் கூடவே போய்டும்" என்றான் அண்ணன் வெற்றிவேல்.

அந்த லட்சுமியை அவன் என்ன செய்தான் தெரியுமா? புது வீட்டு வாசலில் திருஷ்டிக்குக் கற்றாழை கட்ட வேண்டும். கள்ளியும் கற்றாழையும் அவனுக்கு ஒன்றுதான். அம்மாவின் செடியை வேரோடு பிடுங்கி, படிகாரத்தோடு சேர்த்துத் தலைகீழாகக் கட்டிவிட்டான். கற்றாழை காற்றைக் குடித்தே பிழைக்கும். இது பிழைக்குமா? கிரகப்பிரவேசத்துக்குப் போனபோதுதான் அதைப் பார்த்தேன்.

பந்தியில் உட்காரவில்லை. ஊரே பார்க்க ஸ்டூல் போட்டு ஏறினேன். பச்சை மாறாத நுனிகளை இரண்டு மூன்று கணுவாகத் திருகி முந்தானையில் போட்டேன்.

"இன்னா பண்ற நதியா? நல்ல நாளும் அதுவுமா!"

"உன் லட்சுமி தொங்கட்டும்ணா. நான் எங்கம்மாவ எடுத்துட்டுப் போறேன்."

"இனிமே இந்த வூட்டுப் படி ஏறாத."

"ஏறல, போ."

பஸ் ஏறும்வரை அழுகையை அடக்கிக்கொண்டேன்.

திருகிய வாய் காயட்டும் என்று நிழலில் போட்டுவைத்தேன்; ஈரத்தோடு நட்டால் அழுகிவிடும். பிறகு மணலும் மக்கின சாணமும் கலந்து, ஓட்டைக் குடம், பெயிண்ட் டப்பா என்று கிடைத்ததில் எல்லாம் நட்டேன்.

"கள்ளி வச்ச வூடு வெளங்காது" என்றார் மாமியார் குப்பம்மாள். அவர் தலைமாட்டிலேயே ஒரு டப்பாவை வைத்தேன். மற்றவை வேர் பிடித்ததும் தெருவில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். ஒரே இடத்தில் இருந்தால்தானே பிடுங்க முடியும்?

அடுத்த மார்கழியில் தெருவே பூத்தது. அண்ணன் வந்து நின்றான். வாசலில் தொங்கியது கருகி உதிர்ந்துவிட்டதாம். அன்றிலிருந்து வீட்டில் ஒன்று மாற்றி ஒன்று வம்பாம்.

"நம்ம வூட்டு லட்சுமிய குடுத்துடு, நதியா."

தெருவைக் காட்டினேன்.

"வூட்டுக்கு வூடு குந்திகினு கீது. போய்க் கேளு. எல்லாம் பொறந்த வூட்லருந்து வெறுங்கையோட வந்த பொம்பளைங்கதான். குடுக்கறாங்களா பாக்கலாம்."

அவன் முதலில் எங்கள் வீட்டுக்குள்தான் எட்டிப் பார்த்தான். மாமியார் தலைமாட்டு டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.