அண்ணனும் வைபியும்

புக்கிட் ரோத்தானில் முடிதிருத்தும் கடைக்கு மேல்மாடியில் இயங்கும் இணையச் செய்தி அலைவரிசைக்கு தனேஸ்வரிதான் முகம். சட்டமன்ற வேட்பாளர்கள் இருவரையும் தனித்தனியே பேட்டி கண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து விவாதம். அதை அவள் நடத்துவாளா என்பதுதான் இப்போது சந்தேகம்.

இரு கட்சிகளும் புகார் செய்திருந்தன. தான் வளர்ந்த அதே ரப்பர் தோட்டத்தைச் சேர்ந்த யுவனேஸ்வரனை அவள் பழக்கதோஷத்தில் 'அண்ணே' என்றிருந்தாள். பதவியில் இருக்கும் சத்தியசீலனை, ஊரே அழைப்பதுபோல, மலாயில் 'மாண்புமிகு' எனப் பொருள்படும் 'வைபி' என்று.

"அண்ணனாம், தங்கச்சியாம். பாசம் பொங்குது" என்றது வைபி தரப்பு.

"அவருன்னா வைபி. எங்க ஆளுன்னா, கடையில தே தாரிக் டீ கேக்கற மாதிரி அண்ணேயா?" என்றது மறுதரப்பு.

தனேஸ்வரி செய்தி ஆசிரியர் குமுதாவிடம் போனாள். "ரெண்டு பக்கமும் திட்டறாங்கன்னா நான் நடுவுல இருக்கேன்னுதானேக்கா அர்த்தம்?"

"ரெண்டு பேரும் தப்பா சொன்னா நீ சரியாயிடுவியா? உக்காரு லா. கேட்டுப் பாப்போம்."

குமுதா இரண்டு பேட்டியிலும் ஒரே இடத்தை ஓடவிட்டாள். கம்பத்துக் கிராமத்துக்குள் வெள்ளம் வராமலிருக்க வடிகால் எப்போது? இருவர் பதிலும் ஒன்றுதான்: "பேசிக்கிட்டிருக்கோம்."

யுவனேஸ்வரனிடம் தனேஸ்வரி விடவில்லை. "யாரிடம்? எப்போது? மழுப்பாதீங்கண்ணே."

சத்தியசீலனிடம்: "நன்றி வைபி. அடுத்த கேள்வி."

தனேஸ்வரி தலையைச் சொறிந்தாள். "சொந்த ஊர்க்காரருக்குச் சாதகம்னு சொல்லிடுவாங்களேன்னு பயந்து..."

"அண்ணனை வறுத்துட்டே. வைபிக்கு விசிறி வீசிட்டே."

"புகார்ல இதை யாருமே சொல்லலியேக்கா."

"அவங்க 'அண்ணே'வுலயே நின்னுட்டாங்க. கேள்வி வரைக்கும் வரல."

"அப்போ ஞாயித்துக்கிழமைக்கு வேற ஆளா?"

"வைபிகிட்ட விட்ட கேள்வியை நீயே முடிப்பியா?"

"முடிக்கிறேன்."

"அப்போ நீதான்."

ஞாயிற்றுக்கிழமை இருவரையும் 'ஐயா' என்றே அழைத்தாள். இருவருக்கும் அது வேறு யாரையோ கூப்பிடுவதுபோல் இருந்தது. வடிகால் பேச்சு வந்தது.

"பேசிக்கிட்டிருக்கோம்" என்றார் சத்தியசீலன்.

"யாரிடம், ஐயா?"

அவர் தண்ணீர் குடித்தார்.

"எப்போது?"

அவர் உதவியாளரைத் தேடினார். யுவனேஸ்வரன் முகத்தில் சிரிப்பு. தனேஸ்வரி அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க சிரிக்கிறதுக்கு ஒண்ணுமில்லீங்க ஐயா. அன்னைக்கு நீங்களும் பதில் சொல்லல."

விவாதம் முடிந்து படியிறங்கும்போது யுவனேஸ்வரன் நின்றார். "என்ன தங்கச்சி, இனிமே அண்ணே கிடையாதா?"

"தேர்தல் முடியட்டும்ணே" என்றாள். சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டு, உடையில் மாட்டியிருந்த ஒலிவாங்கியை அணைத்தாயிற்றா என்று பார்த்தாள்.