முதலில் கழுத்து, கடைசியில் கை

மார்பு போனதைத் தையல்காரி ஒருவழியாக அழுது தீர்த்துவிட்டாள். கையைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சையில் அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்துவிட்டதால், வலது கை விரல்வரை வீங்கி ஈரத்துணி மூட்டையாகக் கனத்தது. கத்தரிக்கோல் வளையத்துக்குள் கட்டைவிரல் நுழைய மறுத்தது. கத்தரி பிடிக்க முடியாத தையல்காரி யாருக்கு ஆவாள்? கடையில் வெட்டாத துணிகள் குவிந்து கிடந்தன. அவற்றைப் பார்த்தாலே அவளுக்கு அலுப்பாக வந்தது.

ஆஸ்பத்திரியில் வீக்கத்துக்கு மசாஜ் செய்யும் பெண்ணை எல்லோரும் ‘பிசியோ’ என்றே கூப்பிட்டார்கள். ஆள் ஒல்லி, வாய் கறார், கை மட்டும் பஞ்சு. அவள் தொடுவது தொட்டதாகவே தெரியாது. இப்படித் தடவிக்கொடுப்பதற்கா இரண்டு பஸ் மாறி வந்தோம் என்று தையல்காரிக்கு முதல் நாள் எரிச்சலாகக்கூட இருந்தது.

“தேங்கி நிக்கிற நீர் தோலுக்கு அடியிலேயேதான் ஓடுதுக்கா. அமுக்கினா அந்தப் பாதை நசுங்கிடும்” என்றாள் பிசியோ.

மசாஜ் முடிந்ததும் கை கொஞ்சம் வடியும். அடுத்த முறை வருவதற்குள் பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடி வீங்கிவிடும். ஏனென்று பிசியோவுக்கே புரியவில்லை. அன்றைக்குத்தான் அவள் கண்ணில் பட்டது, மணிக்கட்டுக்கு மேலே வரிசையாக நீலம் பாரித்திருந்த விரல் தடங்கள்.

“வீட்ல யாருக்கா அமுக்கி விடறது?”

“யாருமில்லையே.”

“அப்ப இது யாரு விரலு?”

தையல்காரி கட்டிலைச் சுற்றியிருந்த திரைச்சீலையைப் பார்த்தாள். அதன் மடிப்புத் தையல் ஒரு பக்கம் பிரிந்து தொங்கியது. கை நன்றாக இருந்தால் நின்ற நிலையில் தைத்துக் கொடுத்துவிடலாம்.

அந்த விரல்கள் அவள் கணவனுடையவை. அவன் பஸ் டிரைவர். வேலை முடிந்து வந்து குளித்ததும், அவள் கையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியபடி மணிக்கட்டிலிருந்து மேலே அமுக்குவான். நாள் முழுக்க ஸ்டீயரிங்கை வளைத்த கை. உயிர் போய் உயிர் வரும். அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

நிறுத்தச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவன் அவளைத் தொடுவது அந்த ஒரு வேளைதான். உன் கைக்கு வசதியாக இருக்கட்டும் என்று படுக்கையில் நடுவே ஒரு தலையணையைக்கூட வைத்துவிட்டான். வலிக்கிறது என்று சொன்னால் அமுக்குவதும் நின்றுவிடும். அப்புறம் அவளுக்கென்று என்ன மிச்சம்?

“இன்னும் இப்படியே போனா கை கல்லாட்டம் இறுகிடும், என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது” என்றாள் பிசியோ. “அடுத்த வாட்டி அவரையும் கூட்டிட்டு வாங்க.”

அடுத்த முறை டிரைவர் சீருடையோடு வந்து, குற்றவாளிபோல் கட்டில் ஓரத்தில் நின்றான்.

“கையில ஆரம்பிக்கக் கூடாதுண்ணே. மொதல்ல கழுத்து, அப்புறம் நெஞ்சு, கடைசியிலதான் கை.”

“வீக்கம் கையிலதானேம்மா இருக்கு?”

“முன்னாடி சிக்னல்ல அடைச்சு நிக்குது. பின்னாடி வண்டிய முட்டினா நகருமா?”

டிரைவருக்குச் சட்டென்று விளங்கியது. இத்தனை நாளும் பின்னால் நின்றுகொண்டு ஹாரன் அடித்திருக்கிறான்.

கழுத்தைச் சரியாகவே செய்தான். பிசியோ நெஞ்சை மூடியிருந்த துண்டை இறக்கியதும் அவன் முகம் பழக்கப்படி சுவர்ப்பக்கம் திரும்பியது.

“செவுத்துல என்ன எழுதியிருக்கு? கை வைக்கிற எடத்தப் பாருங்க.”

தையல்காரிக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடுவதற்குத் தெம்பு இல்லை. கண்ணை மூடிக்கொள்ளவும் அலுப்பாக இருந்ததால் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

அவன் திரும்பினான். வெகுநேரம் பார்த்தான். “தையல் நல்லாத்தான் போட்டிருக்காங்க” என்றான்.

“நான் போட்டிருந்தா இன்னும் நேரா வந்திருக்கும்.”

அவன் சிரிக்கப் பார்த்தான், வாய் கோணிக்கொண்டது. “பயமா இருந்துச்சு. பாத்தா என் மூஞ்சி எப்படிப் போகும்னு எனக்கே தெரியல. அத நீ பாத்துடுவியேன்னு...”

“இப்ப பாத்துக்கிட்டுதானே இருக்கேன். அப்படி ஒண்ணும் மோசமா போகல.”

பிசியோ திரைச்சீலையின் பிரிந்த தையலைப் புதிதாகக் கண்டவள்போல் அதைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். “அமுக்காம வைங்க, தோல் மட்டும் நகரணும்” என்றாள் அங்கிருந்தே.

அவன் உள்ளங்கையைத் தழும்பின்மேல் வைத்தான்.

“வலிக்குதா?” என்று கேட்டான். அவன் இப்படிக் கேட்பது இதுதான் முதல் தடவை.

நரம்பு அறுபட்ட இடம் அது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அங்கே எதுவும் தெரிவதில்லை. சூடு தெரியாது, துணி உரசுவது தெரியாது, இந்தக் கையும் தெரியவில்லை. அது அங்கே இருப்பது கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது.

“இல்ல” என்றாள். “கைய எடுத்துடாதீங்க.”