நாற்பது கயிறு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. போர்வையை இழுத்து மூடிக்கொள்ளுங்கள். பள்ளிவாசல் என்ற மலையூருக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், எழுபத்தெட்டாம் வருடத்து டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன்.

டிரான்சிஸ்டரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து வாசலில் நின்றிருந்தாள் ஞானஜோதி. கையை இறக்கினால் பாங்காக் ஆசியப் போட்டிச் செய்தி போய்விடும். வெறும் இரைச்சல்தான் வரும். உள்ளே அப்பா வேதமுத்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். காலையில் வந்த கம்பவுண்டர் நாடியைப் பார்த்துவிட்டு, மருந்துப் பெட்டியைத் திறக்காமலே போயிருந்தார்.

"என்னட்டி சொல்லுதான்?"

"எண்ணூறு மீட்டர்ல நம்ம நாட்டுப் பொண்ணுக்குத் தங்கம்ப்பா."

"தங்கம் கெடக்கட்டும். நேரத்தச் சொல்லு."

சொன்னாள். அவர் கண்கள் சுவருக்குப் போயின. அங்கே ஆசியப் போட்டிச் சாதனைகள் கரியால் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, ஐந்து வருடத்துக்கு முன் தோட்டத்து மைதானத்தில் ஞானஜோதி எண்ணூறு மீட்டர் ஓடிய நேரம்.

"ஒன்னவிட மூணு செகண்டு கூட எடுத்திருக்கா," என்றார். இருமல் அடங்கக் காத்திருந்தார். "ஓட்டம் பழக கோட்டயத்துக்கு அனுப்புங்கன்னு வாத்தியார் நடையா நடந்தாரு. கொழுந்து பறிக்கிற சீசன்னு நாந்தான் நிறுத்திட்டேன். ஒங்கால நானே கட்டிப்போட்டேன் தாயி."

"அதெல்லாம் இப்ப எதுக்குப்பா."

விளக்கு வைக்கும் முன்பே அவர் அடங்கிவிட்டார். கண்ணை மூட வந்த பெண்கள் முகத்தைச் சுவரிலிருந்து திருப்ப வேண்டியிருந்தது.

மறுநாள் விடாத சாரல். ஃபேக்டரியில் தேயிலை உலர்த்தும் அறையில் அப்பாவோடு வேலை பார்த்த சின்னையன்தான் குழி வெட்டப் போனார். அந்த அறையின் சூட்டில் எப்போதும் தொங்கும் நூல் கயிற்றால் சவப்பெட்டியை அளந்து, முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டார். அது அப்பாவின் கயிறு. ஓட்டப் பந்தயத்துக்காக அதே அறையில் வைத்து இருபது மீட்டர் அளந்து வெட்டியது; நாற்பது தடவை மைதானத்தில் போட்டு எண்ணூறு கணக்கிட்டது.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டி குழிக்குள் இறங்கவில்லை. குழியின் நீளம் ஒரு சாண் குறைந்தது.

"கண்ணு அவிஞ்சா போச்சு சின்னையா?" என்றார் ஒருவர்.

"அளந்துதான்யா வெட்டுனேன்." சின்னையன் கயிற்றைப் பெட்டியின் மேல் பிடித்தார். முடிச்சு விளிம்புக்கு எட்டவில்லை. கயிற்றைப் பிழிந்தார், தண்ணீர் சொட்டியது. "சூட்டுல காஞ்ச கயித்துல அளந்தேன். நனைஞ்சா நூல்கயிறு சுருங்கிரும்லா. எனக்குத் தோணலயே தாயி."

ஞானஜோதி அந்த முடிச்சையே பார்த்தாள்.

"அன்னைக்கு கிரவுண்டு அளக்கும்போதும் மழதான சித்தப்பா?"

மண்வெட்டியை எடுத்தவர் நின்றார்.

"ஆமா. ஆகஸ்டு மழ. நாந்தான் மறுமுனையப் பிடிச்சேன். அப்போ அந்த எண்ணூறுங் கொறஞ்சுதான் இருந்திருக்கும்."

குனிந்து வெட்டத் தொடங்கினார்.

ஒரு சாண் மண்ணுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. அதுவரை பெட்டி ஈரப் புல்லின் மேல் இருந்தது. ஞானஜோதி தலைமாட்டில் உட்கார்ந்து, அப்பாவிடம் சொல்வதுபோல் ஒருமுறை வாயைத் திறந்தாள். பிறகு சேலை முந்தானையால் பெட்டியின் மேல் விழும் சாரலைத் துடைத்தாள். துடைத்த இடம் உடனே நனைந்தது. மறுபடியும் துடைத்தாள்.

உங்கள் வீட்டு அப்பாமார் மனதில் பாரமில்லாமல் நெடுநாள் இருக்கட்டும், கண்ணுகளா.