கவைக்கு வார்த்த தண்ணீர்

"காலையில தண்ணி வாத்தியா, இல்லியா?" என்று கண்ணகை திரும்பவும் கேட்டபோது, சீதேவிப்பிள்ளை புருசனின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சு நழுவியது. மறுபடி போட்டாள்.

கண்ணகை, செத்த நல்லரத்தினத்தின் அக்கா. கேள்விக்குப் பதில் வராவிட்டால் அதையே ஒப்பாரியாக்கிவிடும் வல்லமை அவளுக்கு உண்டு. மார்பில் அடித்துக்கொண்டு ராகத்தை எடுத்தாள். ஒரு செம்புத் தண்ணிக்குத் தம்பியின் உயிர் போச்சே, வாக்க வேண்டிய கை வாக்காமல் போச்சே என்று நீட்டினாள். சுற்றியிருந்த பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே சீதேவிப்பிள்ளையின் கைகளைப் பார்த்தார்கள். செத்த வீட்டில் சண்டை பிடிக்கக்கூடாது என்பார்கள். ராகம் போட்டுப் பிடிக்கலாம் போலிருக்கிறது.

தண்ணீர் வார்க்கிற கதை கொக்கட்டிச்சோலை முழுவதும் தெரிந்த கதை. நல்லரத்தினம் வட்டை விதானை. வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் திறந்துவிடுகிற உத்தியோகம். அந்த அலைச்சலுக்கென்று ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை ஓடி அலுத்துக் கைவிட்டது, கைமாறிக் கைமாறி வாவியின் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தது. அதன் முன்சில்லை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் இரும்புக் கவையில் ஒரு வெடிப்பு. காத்தான்குடியில் இரும்பு வேலை செய்யும் உசனார் அதைப் பார்த்ததும், "இத ஒட்டினா நிக்காது விதானையார். கொழும்புக்கு எழுதி றெயில்ல புதுக்கவை எடுப்பியுங்க. அது வருமட்டும் இதில ஏறாதீங்க" என்று சொல்லிவிட்டார். நல்லரத்தினம் தலையை ஆட்டிவிட்டு அதிலேயே ஏறி வீட்டுக்கு வந்தார்.

வெள்ளாமை வெட்டி முடியட்டும் என்றார். வெட்டி முடிந்தது. சூடு மிதித்து நெல்லைப் பிரித்து முடியட்டும் என்றார். அதற்கிடையில், வாவியில் தோணியோடு வளர்ந்த மனிதர் அல்லவா, பிளந்த தோணியைக் கட்டுவதுபோல வெடிப்பைச் சுற்றித் தும்புக்கயிற்றை நெருக்கமாக வரிந்துவிட்டார். தோணிக்கு அது சரி. தண்ணீரிலேயே கிடப்பதால் கயிறு ஊறி இறுகியே இருக்கும். மோட்டார் சைக்கிள் வெயிலில் ஓடுகிற சாமான். கயிறு காய்ந்தால் தளரும். ஆகவே விடிந்ததும் கவைக்கு ஒரு செம்புத் தண்ணீர் வார்க்க வேண்டும், அது பெண்சாதியின் வேலை. விதானையார் வண்டிக்கும் நீர் பாய்ச்சுகிறார் என்று ஊர் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைக்க அவளுக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வந்தது.

இன்று காலை அணைக்கட்டுச் சரிவில் கவை முறிந்தது. தலை மதகுக் கல்லில் அடிபட்டு, ஆட்கள் ஓடி வருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

வார்த்தாளா என்று கேட்கிறார்கள். வார்த்தாள். ஒவ்வொரு நாளும் திட்டிக்கொண்டே வார்த்தவள், இன்றும் திட்டிக்கொண்டுதான் வார்த்தாள். "உசனார் சொன்னத்தக் கேக்காம என்னத் தண்ணி வாக்க வைக்கிறீங்களே, நீங்களும் ஒரு மனிசனா?" என்றாள். "நாளைக்குக் கட்டாயம் எழுதிப் போடுறன் புள்ள" என்றார். அவர் கடைசியாகச் சொன்னது அதுதான். அதுவும் பொய்.

வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. முறிந்த மோட்டார் சைக்கிளை ஏற்றி வந்திருந்தார்கள். காலையிலிருந்து வெயிலில் கிடந்த சாமான். கூட வந்த ஒருவர் கவையில் சுற்றியிருந்த கயிற்றைத் தொட்டுப் பார்த்து, "காய்ஞ்செல்லோ கிடக்கு" என்றார். அது போதுமாக இருந்தது. முற்றத்தில் ஆளுக்கு ஆள் அதையே சொன்னார்கள்.

கண்ணகை எழுந்து வாசலுக்குப் போனாள்.

"கேட்டீங்களா? நான் சொன்னன்தானே! இத இஞ்ச இறக்காதீங்க. எங்கட வளவுக்குக் கொண்டு போங்க. புள்ளையில்லாத மனிசன்ட சாமான் அக்காட மகனுக்குத்தான் சேரும். வினாயகமூர்த்தி திருத்தி ஓடுவான்."

உடம்பு இன்னும் வீட்டுக்குள் கிடக்கிறது. அதற்குள் பங்கு.

வினாயகமூர்த்தி அவளுடைய ஒரே மகன், மீசை வைத்த ஆம்பிளை. வேலியோரம் பாடைக்குத் தடி சீவிக்கொண்டிருந்தான். வந்ததிலிருந்து அவன் தலை நிமிரவில்லை. அது ஏன் என்று அந்த வளவில் சீதேவிப்பிள்ளை ஒருத்திக்குத்தான் தெரியும். தேர்த் திருவிழா அன்று கூட்டாளிகளுக்குக் காட்டவென்று மாமனின் வண்டியை வாங்கிக்கொண்டு போய், வாவித்துறையில் தோணி கட்டும் கம்பத்தில் மோதிக் கவையை வெடிக்க வைத்தவன் அவன். "அக்காக்குத் தெரிஞ்சா பொடியன வீட்டில வைக்கமாட்டா. நீ வாய் திறக்கப்படாது" என்று நல்லரத்தினம் அவளுடைய கையைப் பிடித்துக் கேட்டார். அவளும் ஓம் என்றாள். அந்த ஓமை இன்றுவரை காத்தாள்.

எழுந்தாள்.

"அவர விட்டுட்டு எங்க புள்ள போறாய்?" என்று பெண்கள் பதறினார்கள். அவள் முற்றத்தைக் கடந்து மாட்டுவண்டியடிக்குப் போனாள்.

"மருமகன், இஞ்ச வா. இந்தக் கயிற அவுழ்."

"மாமி..."

"மாமி கீமி எண்டாத. அவுழ்."

கத்தியைக் கீழே போட்டுவிட்டு வந்தான். வெளிச்சுற்று வைக்கோலாகக் காய்ந்திருந்தது. உள்ளே போகப் போகக் கயிறு கறுத்தது. கடைசிச் சுற்றை அவன் இழுத்தபோது விரல் இடுக்கில் தண்ணீர் கசிந்து மணலில் சொட்டியது. கயிற்றுக்கடியில் முறிந்த இரும்பு தெரிந்தது. பாதி துருவேறின பழைய வெடிப்பு, மீதி பளபளவென்று இன்றைய முறிவு.

"தொட்டுப் பாருங்க மச்சாள்" என்றாள் சீதேவிப்பிள்ளை. "நான் வாத்தனா, இல்லியா?"

கண்ணகை தொட்டாள். ஈர விரலைச் சீலையில் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா, மாமியில பிழையில்ல" என்றான் வினாயகமூர்த்தி. "தேரண்டைக்கு இத வெடிக்க வச்சவன் நான். மாமாதான் மறைச்சவர்." அப்படியே மாட்டுவண்டிச் சில்லோடு குந்தி முகத்தைப் பொத்திக்கொண்டான். கண்ணகை வாயைத் திறந்தாள். ராகம் வரவில்லை.

உண்மை வெளியே வந்தால் ஆறும் என்று சீதேவிப்பிள்ளை நினைத்திருந்தாள். ஆறவில்லை. இவன்மேல் இருந்த கோபமும் இவன் தாய்மேல் இருந்த கோபமும் சேர்ந்து உள்ளே கிடக்கிற மனிதர்மேல் போய் நின்றது. தாடை கட்டி, கால் கட்டி, ஒன்றும் அறியாதவர் மாதிரிப் படுத்திருக்கிறார். அக்காவுக்கு நல்லவர், மருமகனுக்கு நல்லவர், ஊர்ச் சிரிப்புக்கும் நல்லவர். கொழும்புக்கு ஒரு கடிதம் எழுத மட்டும் கை வரவில்லை. கட்டியவளுக்கு ஒரு செம்பைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பாடை கட்டிக்கொண்டிருந்தவர் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை, அவருக்கு அவர் வேலை. "கயிறு காணாம இரிக்கே" என்று சுற்றிலும் பார்த்தவர், மணலில் கிடந்த தும்புக்கயிற்றை எடுத்து இழுத்துப் பார்த்தார். "இது நல்ல கயிறு. ஈரமும் இரிக்கு. இறுக்கிப் பிடிக்கும்."

எல்லோரும் சீதேவிப்பிள்ளையைப் பார்த்தார்கள்.

"கட்டுங்க" என்றாள்.

வெயில் சாயத் தூக்க ஆயத்தமானார்கள். முன்தடிக்கு வினாயகமூர்த்தி தோள் கொடுக்கக் குனிந்தான். பறை ஒலிக்கத் தொடங்கியது.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் சீதேவிப்பிள்ளை.

செம்பு கிணற்றடியில் காலையில் அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. அள்ளிக்கொண்டு வந்து, வாய்க்குள் திட்டிக்கொண்டே, பாடையின் முடிச்சு ஊறும்வரை வார்த்தாள்.