சுக்கில வருடம், தை மாதம்

பத்திரப் பதிவுக்கு இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. சித்திரைப் பிறப்பு விடுமுறை முடிந்து, 1996 ஏப்ரலின் அந்தத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பீளமேட்டு அலுவலகத்தைத் திறந்த ஜெனிதா, தினசரிக் காலண்டரில் விடுமுறை நாட்களில் கிழிக்காமல் மிஞ்சியிருந்த தாள்களைக் கிழித்தாள். மேல் தாளில் 'யுவ' என்றிருந்த வருடம், அடித்தாளில் 'தாது' ஆகியிருந்தது. கை அப்படியே நின்றது.

தமிழ் வருடம் மாறுவது ஏப்ரலில். அப்படியானால் தை மாதம் வருடத்தின் தொடக்கத்தில் இல்லை, கடைசியில் இருக்கிறது.

பெரியநாயக்கன்பாளையத்து ஃபைலை எடுத்துப் பிரித்தாள். நாலு ஏக்கர், பாட்டன் வழிச் சொத்து. தம்பிதுரைக் கவுண்டரும் இரண்டு மகன்களும் ஜெனிதா வேலை பார்க்கும், நிலம் வாங்கி மனை போடும் கம்பெனிக்கு விற்கிறார்கள். மகள் பூவாத்தாள் கையெழுத்துப் போடத் தேவையில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். எண்பத்தொன்பது மார்ச்சில் வந்த சட்டம், அன்றைக்குக் கல்யாணமாகாமல் இருந்த மகளுக்கு மகனைப் போலவே பங்கு கொடுத்தது. அதற்கு முன்பே கட்டிக்கொடுத்த மகளுக்குக் கொடுக்கவில்லை. பூவாத்தாளின் கல்யாண அழைப்பிதழில் ஆங்கிலத் தேதி இருந்த மூலை கிழிந்துபோய், 'சுக்கில வருடம் தை மாதம்' மட்டும் மிச்சமிருந்தது. ஜெனிதாவின் வீட்டில் மாட்டுவது கிறிஸ்தவப் பங்குக் கோயில் காலண்டர். அதில் இந்தத் தமிழ் வருடப் பெயர்களெல்லாம் வராது. போன மாதம் இந்த ஃபைலைப் படித்தபோது ஒரு பட்டியலைப் பார்த்தாள். சுக்கில, 1989. தை என்றால் ஜனவரி. சொத்தில் யார் யாருக்கு உரிமை என்ற குறிப்பில் 'ஜனவரி 1989' என்று எழுதிவிட்டாள்.

அது ஜனவரி 1990. சட்டம் வந்த மார்ச்சில் பூவாத்தாளுக்குக் கல்யாணமாகியிருக்கவில்லை.

குறிப்புக்கு அடியில், சரிபார்த்ததாக ராமாமணியின் கையெழுத்து இருந்தது.

ராமாமணி, ஜெனிதா வரும்வரை அந்த அலுவலகத்தில் பதினோரு வருடம் ஒரே பெண்ணாக இருந்தவள். தட்டச்சுக்கு வந்த ஜெனிதாவை, வேதியியல் படித்த பெண்ணுக்கு ஃபைல் படிக்கவும் வரும் என்று உள்ளே இழுத்துக்கொண்டவள். "பொம்பளப் புள்ளைக சர்வே கல்லு மேல ஏறி நிக்குமா?" என்று முதலாளி ஈஸ்வரமூர்த்தி கேட்டபோது, "ஏற வேண்டாமுங்க, கல்லு எங்கிருக்குதுன்னு கண்டுபிடிச்சாப் போதுமுங்க" என்றவள்.

வந்ததும் கேட்டாள். "ஏனம்மணி, பேயடிச்சாப்பல நிக்கறே?"

"ஒண்ணுமில்லீங்க்கா."

"நாளைக்குப் பத்திரத்தை நீதான் வாசிக்கோணும். முதலாளிகிட்டச் சொல்லிப்போட்டேன்."

கையெழுத்துக்கு முன்னால் விற்பவர்கள் காதில் விழப் பத்திரத்தை முழுக்க வாசிப்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். இதுவரை ராமாமணிதான் வாசித்து வந்தாள்.

"இது சுத்தமா முடிஞ்சா உன்னைய நிரந்தரம் பண்றாரு. ஜூன்ல இன்னும் ரெண்டு டிகிரிப் பொண்ணுகளை எடுக்கறேன்னிருக்காரு. பிசகுச்சுன்னு வெய்யி, இனிமேல் சேலை கட்டுனவங்களே வேண்டாம்னுருவாரு" என்று சிரித்தாள் ராமாமணி.

ஜெனிதா மத்தியானம் சாப்பிடும்போது சொல்லிவிட நினைத்தாள். ராமாமணி கொள்ளுப் பருப்பை அள்ளி அவள் சோற்றில் வைத்தாள். ஜெனிதா அதைப் பிசைந்து சாப்பிட்டாள். சாயங்காலம் பேருந்து வந்தது, சொல்லாமலே ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் பத்தரை மணி. பத்திர எழுத்தர் அறையில் கவுண்டரும் மகன்களும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள், மேஜைக்குப் பக்கத்தில் ஈஸ்வரமூர்த்தியும் ராமாமணியும். சுவரோரம் பூவாத்தாள் இருந்தாள். ஜெனிதா அவளிடம் போய் மெதுவாகக் கேட்டாள்.

"உங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை வருசமாச்சுங்க்கா?"

"இந்தத் தையோட ஆறு முடிஞ்சுது கண்ணு."

"நீங்க கையெழுத்துப் போடலீங்களா?"

"எனக்கென்ன இருக்குது? சீர் செஞ்சு அனுப்பிப்போட்டாங்க. அய்யன் வரச் சொன்னாரு, வந்தேன்."

ஜெனிதா திரும்பி வந்து தாள்களைக் கையில் எடுத்தாள். மெல்ல வாசிக்கத் தொடங்கினாள்.

"சத்தமாப் படிங்கம்மணி. எறும்பு பேசறாப்பல இருக்குது" என்றார் ஈஸ்வரமூர்த்தி. மூத்த மகன் வாய்விட்டுச் சிரித்தான்.

சர்வே எண்ணைப் படித்தாள். நாலு எல்லைகளையும் படித்தாள். கிணற்றில் உள்ள பாகத்தையும், வண்டித்தடத்தையும் படித்தாள். மூன்றாம் பக்கத்தில் 'மேற்படி சொத்தில் எங்களைத் தவிர வேறு எவருக்கும்' என்ற இடத்துக்கு வந்து நின்றாள்.

"வரி உட்டுப்போச்சா கண்ணு?" ராமாமணி குனிந்து, விரலால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். "இங்க. 'எவ்விதப் பாத்தியமும் கிடையாது.'"

ஜெனிதா அந்த விரலைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் சந்தேகம் துளியும் இல்லை.

"இந்த வரியை என்னால வாசிக்க முடியாதுங்க்கா."

"ஏனுங்க, என்னாச்சு?" ஈஸ்வரமூர்த்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினோரு மணிக்கு உள்ள கூப்பிட்டுருவாங்க."

அவள் தாளை மேஜைமேல் வைத்தாள்.

"பூவாத்தாக்காவுக்குக் கல்யாணமானது எண்பத்தொம்பதுல இல்லீங்க, தொண்ணூறுலங்க. இந்தப் பூமியில அவங்களுக்கும் பங்கிருக்குதுங்க. தேதியைத் தப்பா எழுதினது நானுங்க."